தண்டர்மில்லுக்காக நேர்ந்துகொண்ட முடி

ஐயம்பேட்டையிலிருந்து காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடுகிற ஷேர் ஆட்டோக்களில் சினிமாப் பாட்டு கேட்டுக்கொண்டு போகலாம், சாமிப் பாட்டு கேட்டுக்கொண்டு போகலாம். தணிகாசலத்தின் ஆட்டோவில் ஏறினால் தண்டர்மில்தான். வேறு பேச்சே கிடையாது.

தண்டர்மில் என்பது கடல் தாண்டி எங்கோ ஓர் இரும்பாலை ஊரில் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஐந்து பேர் சேர்ந்து ஆரம்பித்த ஹார்ட் ராக் குழு. கிடாரை அறு அறு என்று அறுப்பார்கள். டிரம்ஸ்காரன் யார் மேலோ இருக்கிற கோபத்தையெல்லாம் அதில் இறக்குவான். நடுவில் ரஸ் கார்வெல் என்ற பாடகர் அடிவயிற்றிலிருந்து ஒரு கத்து கத்துவார் பாருங்கள், முதல் தடவை ஏறியவர்கள் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்வார்கள். காலை எட்டு மணிக்கு இந்தக் கூத்து யாருக்குப் பிடிக்கும்? ஆனாலும் அந்த ஆட்டோ நிறைந்துதான் போகும். தணிகாசலம் சொன்ன நேரத்துக்கு வண்டியை எடுப்பான். வயசானவர்கள் ஏறி உட்காரும் வரை கியரைத் தொட மாட்டான். பிரசவ வலி என்று யாராவது கூப்பிட்டால் இருக்கிறவர்களைப் பாதி வழியில் இறக்கிவிட்டு ஓடுவான். இறங்கியவர்களும் திட்ட மாட்டார்கள். அப்படிப்பட்டவனுக்காக அந்தச் சத்தத்தையும் பொறுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஆளுக்கு ஐம்பத்திரண்டு வயசு. காக்கிச் சட்டை, நெற்றியில் விபூதி, இடுப்புக்கு நாலு விரல் மேல் வரைக்கும் முடி. பத்தொன்பது வயசில் வளர்க்க ஆரம்பித்தது. அப்போது பிரேம்நாத் என்று ஒருத்தன் பஸ் ஸ்டாண்டு பக்கம் கேசட் பதிவு செய்து கொடுக்கும் கடை வைத்திருந்தான். தணிகாசலம் தனக்கு வேண்டிய சினிமாப் பாட்டுகளின் பட்டியலை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். கிடைத்த கேசட்டில் ஒரு பக்கம் கேட்ட பாட்டு, மறுபக்கம் யாரோ வெள்ளைக்காரன் கத்திக்கொண்டிருந்தான். பழைய கேசட்டை அழிக்காமல் கொடுத்துவிட்டான் என்று சண்டை போடத்தான் கடைக்குப் போனான். போய் நின்றவன் வாயில் வந்தது என்னவோ, “இதும்மாதிரி இன்னும் இருக்குதாபா?” என்பதுதான்.

அந்தக் கேசட்டின் சொந்தக்காரன் கோவர்தன் அங்கேயே உட்கார்ந்திருந்தான். சின்ன காஞ்சிபுரத்தில் வைணவப் பண்டிதர் வீட்டுப் பையன். இன்றைக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் வாத்தியார். மூவரும் அன்று சேர்ந்தவர்கள்தான். முப்பத்து மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலை பிரேம்நாத் கடையில் தண்டர்மில் சபை கூடும். கேசட் கடை சி.டி. கடையானது, இப்போது செல்போன் ரிப்பேர் கடை. சபை மட்டும் மாறவில்லை. கேசட் அட்டையில் ரஸ் கார்வெலுக்குத் தோளுக்குக் கீழே முடி இருந்தது, தணிகாசலமும் வளர்த்தான். அப்பா கத்தரிக்கோலோடு துரத்திப் பார்த்தார். கல்யாணம் பேசும்போது பெண் வீட்டுக்காரர்கள் கூரம் கிராமத்திலிருந்து வந்து, மாப்பிள்ளை முடியை வெட்டினால்தான் மேற்கொண்டு பேச்சு என்றார்கள். கல்யாணப் பெண் துர்கா உள்ளிருந்து, “இருந்துட்டுப் போவட்டும்பா, எனக்கு ஒண்ணும் இல்ல” என்று சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் அந்த முடியைத் தொட யாருக்குத் தைரியம் வரும்? ஞாயிறுதோறும் எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்து, சீயக்காய் போட்டு அலசிவிடுவதும் துர்காதான்.

வினை ஐந்து வருஷத்துக்கு முன்னால் வந்தது. ரஸ் கார்வெலுக்குத் தொண்டையில் கட்டி, ஆபரேஷன், இனி பாடுவாரா என்பதே தெரியாது என்று பிரேம்நாத் போனில் படித்துச் சொன்னான். தணிகாசலம் அன்றைக்கு வண்டி எடுக்கவில்லை. வீட்டுச் சாமி அலமாரி முன்னால் நின்றான். அவன் பிறந்ததே திருத்தணி முருகனிடம் வேண்டிக்கொண்டு. பெயரும் அந்த மலையின் பெயர். அதனால் கேட்க உரிமை இருக்கிறது என்று நினைத்தான்.

“முருகா, அந்த மனுசன் பொழைச்சு வந்து இன்னொரு ஆல்பம் பாடணும். அதுவும் ஏனோதானோன்னு இல்ல, நல்ல ஆல்பமா இருக்கணும். அப்படிப் பாடிட்டாருன்னா மலைக்கு வந்து மொட்டை போட்டுக்கறேன்.”

இருபத்தைந்து வருஷம் ஷேர் ஆட்டோ ஓட்டியவன் அல்லவா, சாமியிடமும் ஒரு நிபந்தனை போட்டுத்தான் பேசினான். துர்கா மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து அலமாரிக்குள் வைத்தாள். வைத்தவள் சும்மா இருந்தாளா? தண்ணீர் பிடிக்கும் இடத்தில் சொல்லி, அது ஐயம்பேட்டை முழுக்கத் தெரிந்துபோயிற்று.

போன தை மாதம் அந்த ஆல்பம் வந்தே விட்டது. ரஸ் கார்வெலுக்கு எழுபத்து மூன்று வயசு. ஆல்பத்தின் பெயர் லாஸ்ட் ஷிஃப்ட்.

ஞாயிறு காலை சபை கூடியது. முதல் தடவை கேட்கும்போது யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது சபையின் சட்டம். ஒன்பது பாட்டும் முடிந்தபின் டீ வந்தது. கோவர்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அவன் கண்ணாடியைத் துடைத்தால் கண்டனம் வரப்போகிறது என்று அர்த்தம்.

“இது தண்டர்மில்லே இல்லைடா. முதல் நாலு ஆல்பம்தான் பிரமாணம். அதுக்கப்புறம் வந்ததெல்லாம் வியாக்கியானம். இது வியாக்கியானம்கூட இல்லை. மனுஷன் பாடறாரா, பேசறாரா? அந்த உச்சஸ்தாயி எங்கே? டிரம்ஸை என்னமோ ஆஸ்பத்திரி வாசல்ல அடிக்கற மாதிரி பயந்து பயந்து அடிக்கறான்.”

“அப்படிச் சொல்லாதே கோவர்தா,” என்றான் பிரேம்நாத். “ஸ்பீடு இல்லதான். ஆனா கேக்க நல்லா இருக்குதுபா. ரெண்டாவது பாட்டு கிடார் எப்படி!”

“நீ எதைத்தான் நன்னா இல்லேன்னு சொல்லியிருக்கே? உனக்கு ரிங்டோன்கூட நன்னாத்தான் இருக்கும்.”

வழக்கமாக இந்த இடத்தில் தணிகாசலம் பாய்ந்து கோவர்தனின் கழுத்தைப் பிடிக்காத குறையாகச் சண்டைக்குப் போவான். அன்று டீயை ஊதிக்கொண்டே இருந்தான். பிரேம்நாத் திரும்பிப் பார்த்தான். பார்த்தவனுக்குச் சட்டென்று உறைத்துவிட்டது.

“டேய்! முடி!”

கடையே அதிரச் சிரித்தார்கள். தணிகாசலத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், ஒன்பது பாட்டையும் அவன் ஒழுங்காகக் கேட்கவே இல்லை. முதல் பாட்டிலேயே கை பின்னலுக்குப் போய்விட்டது. கடைசிப் பாட்டு வரைக்கும் அதைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான். நல்ல ஆல்பம் என்றால் முடி போச்சு. மோசம் என்றால் முடி தப்பித்தது.

“கோவர்தன் சொல்றதுதான்பா சரி,” என்றான். “நல்லா இல்ல.”

கோவர்தன் வாயைப் பிளந்தான். முப்பத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஜெயித்திருக்கிறான். அதை அனுபவிக்கக்கூட முடியவில்லை. “நிஜமாவே சொல்றியா, இல்லை மண்டைக்குப் பயந்துண்டு சொல்றியா?”

“நெசமாத்தான்.”

வீட்டில் துர்காவிடமும் அதையே சொன்னான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “சரி, உன் சாமி, உன் பாட்டு” என்று சொல்லிவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கப் போனாள். மஞ்சள் முடிச்சு அலமாரியிலேயே கிடந்தது.

மடியில் கனமிருந்தால் மனுஷன் என்ன செய்வான்? ஆதாரம் தேடுவான். தினம் மத்தியானம் பிரேம்நாத் கடைக்குப் போய், உலகத்து ரசிகர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படிக்கச் சொன்னான். பிரேசிலில் ஒருத்தர் கேட்டுவிட்டு அழுதேன் என்று எழுதியிருந்தார். அதைத் தள்ளு என்றான். பின்லாந்தில் ஒருத்தர், பத்து வருஷம் முன்னாலேயே இவர்கள் கடையைச் சாத்தியிருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்.

“அத திரும்பவும் படிபா.”

“மூணு தடவ படிச்சிட்டேன்டா!”

“பரவால்ல, படி. திட்டினத மட்டும் படி.”

கேட்டுவிட்டுத் தெம்பாக எழுந்து போவான். தெருமுனை திரும்புவதற்குள் அந்தப் பின்லாந்துக்காரன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வரும். எவன்டா நீ, எங்க ஆளைச் சொல்ல? ஆட்டோவில் பழைய ஆல்பம் போடுவான். மனசு ஒட்டாது. கை தானாகப் போய்ப் புது ஆல்பத்தின் ஆறாவது பாட்டைப் போடும். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்வான். வண்டியில் எட்டுப் பேர் உட்கார்ந்திருப்பது அவனுக்கு எப்படி மறந்ததோ தெரியவில்லை.

அந்த எட்டுப் பேரில் வடிவாம்பாள் ஒருத்தி. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு தறிக்கூடத்தில் பாவு பிணைக்கிறவள். முடியப்போகிற பாவு நூலோடு புதுப் பாவு நூலை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்கிற வேலை. பதினைந்து வருஷமாக அந்த ஆட்டோவில் வருகிறாள், பதினைந்து வருஷமாக, “அந்தக் கத்தல நிறுத்துபா, காது போவுது” என்று சொல்லிக்கொண்டே வருகிறாள். மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை அவள் ஏறி உட்கார்ந்ததும் சொன்னது இது:

“தணி, ரெண்டு மூணு நாளா ஒண்ணு போடறியே, அந்த ஆளு கத்தாம பாடுவாரே, அதப் போடுபா.”

தணிகாசலம் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். “எது?”

“அதாம்பா, நடுநடுவுல மூச்சு வாங்குமே அவருக்கு. இழை அறுந்து அறுந்து போவுது, ஆனா விடாம பொணைச்சிக்கினு அடுத்த வரிக்கு வந்துடறாரு பாரு, அது.”

போட்டான். முன்னால் அவன் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்தவன் ராமராஜன், ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிற பையன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. மொட்டை விஷயமும், ஆல்பம் நல்லா இல்லை என்று தணிகாசலம் சொல்லிக்கொண்டிருப்பதும் அவனுக்குத் தெரியும்.

“அண்ணே, இதான் அந்த ஆல்பமா? நீங்க சொன்னது கரெக்டுண்ணே. செம மொக்கை. கெழவனாயிட்டாரு, இன்னும் எதுக்குப் பாடிக்கினு? வூட்ல படுத்துக்கினு இருக்கலாம் இல்ல?”

முத்தியால்பேட்டை தாண்டி ஒரு புளியமரத்தடியில் ஆட்டோ ஓரம்கட்டி நின்றது. டயர் பஞ்சரோ என்று எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். தணிகாசலம் இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு ராமராஜன் பக்கமாக வந்து நின்றான்.

“இன்னா சொன்னே? மொக்கையா? உனுக்கு இன்னா தெரியும் அவரப் பத்தி? தொண்டைய அறுத்துத் தச்சிருக்குது. பேசவே கூடாதுன்னாங்க. அஞ்சு வருசம் ஒவ்வொரு எழுத்தா பழகிட்டு வந்து பாடியிருக்காரு. முன்ன மாதிரி கத்த முடியாதுன்னு அவருக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான், இருக்கற குரல வச்சு எவ்ளோ தூரம் போவ முடியுமோ அவ்ளோ தூரம் போயிருக்காரு. இந்தப் பாட்டுல கிடார் ஒரு எடத்துல நிக்கும், கேட்டியா? ஏன் நிக்குது? அம்பது வருசமா கூட வாசிக்கறவன்டா அவன். இவருக்கு மூச்சு வேணும்னு தெரிஞ்சு, இவரு எடுத்துக்கற வரைக்கும் காத்துக்கினு இருக்கறான். டிரம்சு பயந்து அடிக்குதாம்! பயமா அது? குரல முக்கிடக் கூடாதேன்னு பதமா அடிக்கறான். கத்தறது யாரு வேணா கத்தலாம். இப்படிப் பாடச் சொல்லு பாக்கலாம் எவனையாவது! ஒம்போது பாட்டு. ஒண்ணுலகூட அந்த மனுசன் ஏமாத்தல.”

மூச்சு வாங்கியது அவனுக்கு. கண்கூட லேசாகக் கலங்கிவிட்டது. ராமராஜன் சீட்டோடு சீட்டாக ஒட்டிக்கொண்டிருந்தான். மற்றவர்களுக்கு வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, ஆனாலும் ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. வடிவாம்பாள்தான் நிதானமாகக் கேட்டாள்.

“அப்போ ஆல்பம் நல்லாருக்குதுன்றே.”

தணிகாசலத்தின் கை பின்னலுக்குப் போனது. ஆட்டோவுக்குள்ளிருந்து எட்டுப் பேரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள், அப்புறம் மொத்தமாக அவன் முடியைப் பார்த்தார்கள்.

“நல்லாத்தான் இருக்குது” என்றான், யாரோ பிடித்து உலுக்கியதுபோல. சொல்லிவிட்டுப் போய் வண்டியை எடுத்தான். பின்சீட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அடக்கிக்கொள்ள முடியாமல் இன்னொருத்தர், அப்புறம் எல்லோருமே. போகப் போக அவனும் சிரித்துவிட்டான். மூன்று வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கின மாதிரி இருந்தது அவனுக்கு.

சாயங்காலம் துர்காவிடம் போய் நின்றான். “பொய் சொல்லிட்டேன்மா. பாட்டு நல்லாருக்குது. ரொம்ப நல்லாருக்குது.”

“தெரியும்,” என்றாள் அவள், அரிசி களைந்துகொண்டே. “குளிக்கும்போது அதத்தானே முணுமுணுத்துக்கினு இருக்கே.”

“அப்போ ஏன் கேக்கல?”

துர்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவன் பின்னலைத் தோளுக்கு முன்னால் எடுத்துப் போட்டாள். “எனக்கு மட்டும் மனசு வருமா? இருவத்தாறு வருசமா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம என் கையால அலசின முடி. நீயா நல்லா இல்லன்னு சொன்னே, சரி, பொழைச்சிப் போவட்டும்னு நானும் வுட்டுட்டேன்.” பின்னலின் நுனியைப் பிடித்துப் பார்த்தாள். “ஒண்ணு செய்யலாம். பொம்பளைங்க குடுக்கற மாதிரி பூமுடி குடுத்துட்டு வந்துடலாம். நுனியில ஒரு விரக்கடை வெட்டி உண்டியல்ல போட்டா முருகன் வேணாம்னா சொல்லப்போறாரு? யாரும் தப்பா பேச மாட்டாங்க.”

தணிகாசலம் வெகுநேரம் அந்த யோசனையைப் புரட்டிப் பார்த்தான். ஆசையாகத்தான் இருந்தது. நுனி மட்டும் போகும், பின்னல் இருக்கும், வேண்டுதலும் தீர்ந்த கணக்கு. எவ்வளவு லேசு!

“வேணாம்மா,” என்றான் கடைசியில். “அந்தாளு நுனியில மட்டுமா பாடினாரு? இருக்கறது மொத்தத்தையும் குடுத்துட்டாருமா.”

துர்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமையே போய்விடலாம் என்றாள்.

அரக்கோணம் வழியாகப் போகிற காலை பஸ்ஸில் நாலு பேரும் ஏறினார்கள். பிரேம்நாத் கடையைச் சாத்திவிட்டு வந்தான். கோவர்தன் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, போகிற வழியெல்லாம் வாதாடிக்கொண்டே வந்தான்.

“நிபந்தனை என்ன? ஆல்பம் நன்னா இருக்கணும். நான் நன்னா இல்லேங்கறேன். அப்போ வேண்டுதல் செல்லாது. உனக்கு நல்லதுதானேடா சொல்றேன்?”

“வேண்டிக்கினது நானு. நல்லாருக்குதா இல்லையான்னு நான்தான் சொல்லணும்.”

“உன் காதுக்கு என்ன தெரியும்? மூணாவது பாட்டைக் கேட்டியோ? அதையும் நன்னா இருக்குன்னு சொல்லுவியோ?”

“மூணாவது கூட நல்லாத்தான் இருக்குது, போடா!”

முன் சீட்டு அம்மாள் திரும்பி முறைத்த பிறகுதான் இருவரும் அடங்கினார்கள். பிரேம்நாத் துர்காவிடம், “முப்பது வருசமா இதாம்மா” என்றான்.

முடிக்காணிக்கை மண்டபத்தில் பலகையில் உட்கார்ந்ததும் தணிகாசலம் பின்னலை அவிழ்த்துவிட்டான். தண்ணீர் தெளித்துத் தேய்த்த பெரியவர், இவ்வளவு முடியா என்று ஒரு கணம் கத்தியை நிறுத்தினார். “முழுசா எடுத்துடலாமா? யோசனை பண்ணிக்கினீங்களா?” என்று கேட்டார். தணிகாசலம் தலையைக் குனிந்துகொடுத்தான். துர்கா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் மெல்ல முனகத் தொடங்கினான். ஆறாவது பாட்டு. மூச்சு வாங்கும் இடத்தில் அவனும் நிறுத்தினான். அந்த இடத்தில் பெரியவரும் கத்தியைத் தூக்கிக்கொண்டார், முனகல் மறுபடி வந்ததும் வைத்தார். மடி நிறைய, தரை நிறைய முடி விழுந்தது.

குளித்து, சந்தனம் பூசிக்கொண்டு வந்து நின்றவனைத் துர்கா பார்த்தாள். அழத்தான் நினைத்தாள், சிரிப்பு வந்துவிட்டது. “ஐயோ, காது இவ்ளோ பெரிசா உனுக்கு?” என்று அவன் மண்டையைத் தடவிப் பார்த்தாள். அவனுக்கும் வெட்கமாக இருந்தது.

சந்நிதியில் நல்ல கூட்டம். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றவர் நகருங்க, நகருங்க என்று கையை வீசிக்கொண்டே இருந்தார். தணிகாசலம் முருகனுக்கு நேராக வந்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

“முருகா, மூணு வாரம் பொய் சொல்லிட்டேன், மன்னிச்சுடு. ஆல்பம் நல்லாருக்குது. கேட்டதுக்கு மேலயே குடுத்துட்ட. மொத பாட்டு கொஞ்சம் தயங்குது, ரெண்டாவதுல சரியாயிடுது—”

“நகருங்க சார், பின்னால ஜனம் நிக்குது!”

“ஆறாவது பாட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிடறேன்பா,” என்றான் தணிகாசலம் கெஞ்சலாக. கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. “அதுல அவரு மூச்சு வாங்கறாரு முருகா. வாங்கிட்டுத் திரும்பவும் பாடறாரு.”

பின்னாலிருந்து கூட்டம் நெருக்கியது. அவன் தோளுக்கு மேலாகக் கோவர்தன் எட்டிப் பார்த்தான், நெற்றி நாமத்தோடு, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு.

“ஆறாவது நன்னாத்தான் இருக்கு, ஒத்துக்கறேன்,” என்றான் அவன் சாமியைப் பார்த்து. “மூணாவது சுமார்தான். அதையும் மறைக்காம சொல்லுடா.”